கணக்குத் தலைப்பு சைபர் சைபர் முப்பது

மஞ்சக்குப்பம் கோர்ட்டில்
என் வேலை ஓட்டை போடுவது.
வில்லையின் நடுவில், சரியாகச் சிங்கத்தின் மேல்,
ஒரு டக்.
அதைப் பிய்த்தெடுத்து யாரும்
இரண்டாவதாக ஒரு நியாயம் கேட்டுவிடக் கூடாது.

விழுகிற வட்டங்களைப் பிஸ்கட் டப்பாவில் சேர்த்து
மாதம் ஒருமுறை எரிக்கிறேன்.
ஸ்டிக்கர் பொட்டு அளவு.
மின்விசிறி போட்டால் சிங்கங்கள் பறந்து
கேஸ் கட்டுகளுக்குள் ஒளிந்துகொள்ளும்.

போன ஆடியில் காடாம்புலியூரிலிருந்து
தையல்நாயகி வந்தாள்.
முந்திரி உடைத்துத் தரம் பிரித்து
பண்ருட்டி மண்டிக்காரனுக்குப் போட்ட வகையில்
நாலு லட்சத்து இருபதாயிரம் நிலுவை.
நூற்றுக்கு மூன்று.
பன்னிரண்டாயிரத்து அறுநூறு.
முந்திரி ஓட்டுப் பால் சுட்டுக் கறுத்த விரல்களால்
ஐநூறுகளை எண்ணினாள், இருநூறுகளை எண்ணினாள்,
கடைசியில் ஒரு கத்தைப் பத்து ரூபாய்.

வக்கீல் குமாஸ்தா தேசிங்கு
"சரியா இருக்கும்மா, வா" என்றும் நகரவில்லை.
"தர வேண்டியவன் அவன்.
கேக்கறதுக்கு நான் ஏன் கொடுக்கணும்?"
இதற்கு எங்களிடம் பதில் உண்டு:
ஜெயித்தால் செலவுத்தொகையும்
அவன் தலையில்தான் விழும்.
அடுத்த கேள்விக்கு இல்லை.
"சரி, இந்தக் காசு எங்க போவுது? ஜட்ஜய்யாவுக்கா?"
ஐயோ, இல்லம்மா.
கருவூலத்துக்கு. கணக்குத் தலைப்பு சைபர் சைபர் முப்பது.
"தல இருக்கட்டும் சார்.
வாய் எங்க இருக்கு? என்னாத்தத் திங்குது?"

நான் சிரித்தேன். தேசிங்கும் சிரித்தார்.
ராத்திரி கெடிலம் பாலத்தில்
பெட்ரோல் தீர்ந்த வண்டியைத் தள்ளும்போது
சிரிப்பு வரவில்லை.

தேவனாம்பட்டினத்தில் கடலுக்கு முன்னால் கொட்டிய
கருங்கல்லில் ஒன்றிரண்டு இருக்கலாம்.
எங்கோ ஒரு பள்ளிக்கூடத் தட்டில் முட்டை.
என் அகவிலைப்படியில் கொஞ்சம், நிச்சயமாக.
தன் காகிதத்தில் ஓட்டை போட
அவளே எனக்குக் கூலி கொடுத்திருக்கிறாள்.

வாங்கிய இடத்துக்கு அது திரும்பி வந்ததற்கு மட்டும்
என்னிடம் சாட்சி இல்லை.
தானே புயலில் ஓடு போன ஆவண அறைக்காக
ஏழு முறை எழுதினோம்.
ஏழு முறையும்
நிதிநிலைக்கு உட்பட்டுப் பரிசீலிக்கப்படும்.
பெண்கள் கழிப்பறைச் சாவி
நாசர் பிரிவின் ஆணியில் துருப்பிடிக்கிறது,
உள்ளே குழாய் இல்லை.
வாய்தாவுக்கு வருகிறவர்கள்
விடிந்ததிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை.
தையல்நாயகியும் குடிப்பதில்லை என்று
ஐந்தாவது வாய்தாவில்தான் கவனித்தேன்.

இந்த ஆனியில் லோக் அதாலத்.
மூன்று லட்சத்துக்குக் கையெழுத்தானது.
சமரசமாகப் போனால்
கட்டிய கட்டணம் முழுதும் திரும்ப வரும் என்றேன்.
சர்க்கார் கொடுக்கிறது என்றால்
எதையோ எடுக்கப்போகிறது என்பதுபோல்
என் கையைப் பார்த்தாள்.

நான்கு மாதம், ஒன்பது கையெழுத்து.
ஐப்பசி அடைமழையில் ஆணையை வாங்க வந்தாள்.
தொகையை இரண்டு தரம் வாசிக்கச் சொன்னாள்.
"ஓட்டை போட்டதுக்குக் கழிக்கலையா?"
இல்லம்மா, முழுசா.
"அப்ப விட்டுக்கொடுத்தேனே ஒரு லட்சத்து இருபதாயிரம்,
அதான் கட்டணம்."
கோபமாகச் சொல்லவில்லை.
சில்லறை சரிபார்க்கிற குரல்.

கூரையிலிருந்து வாளிக்குள் ஒரு சொட்டு. டக்.
என் பிஸ்கட் டப்பாவும் நனைந்திருந்தது,
இந்த மாதத்துச் சிங்கங்கள் எரியாது.
அவள் வாளியைச் சுற்றிக் கால் வைத்து
வாசல்வரை போய்த் திரும்பினாள்.
"இந்த வாளியாவது அந்தக் காசுல வாங்கினதா சார்?"

ஆளுக்கு முப்பது ரூபாய் போட்டு
நாங்கள் வாங்கியது.

ஆமாம் என்றேன்.